மங்கலாகத் தெரிந்தால்தான் பேய்ப்படமா?

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை மோசமான பிரிண்டில் பார்த்தால்தான் அதன் சுவை தெரியும் என்று சொல்ல ஒரு கோஷ்டியே இருக்கிறது. கோடு விழுந்திருக்க வேண்டுமாம். இரைச்சல் இருக்க வேண்டுமாம். பாதி முகம் இருட்டில் முங்கிக் கிடக்க வேண்டுமாம். அப்போதுதான் யாரோ ஒரு செய்திப்பட கேமராக்காரர் நிஜமாகவே நடந்ததைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது போல 'ரியலாக' இருக்குமாம். அரை நூற்றாண்டு கழித்து ஒழுங்கான பிரதி ஒன்று டிஸ்க்காக வந்தால், அதைப் பார்த்துவிட்டு இவர்கள் சொல்லும் குறை என்ன தெரியுமா? ரொம்பத் தெளிவாக இருக்கிறது, பயமே போய்விட்டது!

ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆலை வைத்து, கரும்பு அரைத்து, மூட்டையில் கட்டி வாசலில் கொண்டுவந்து இறக்கிய பிறகும் இலுப்பைப்பூதான் அசல் இனிப்பு என்று அடம்பிடித்தால் அதற்கு ரசனை என்று பெயர் வைக்க முடியாது. வெறும் பழக்கதோஷம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் இயக்குநர் ஜார்ஜ் ஏ. ரொமேரோவுக்குப் பங்கே கிடையாது. சட்டத்தில் இருந்த ஒரு பொறியும், அதில் ஒரு கம்பெனி தடுக்கி விழுந்ததும், விழுந்த இடத்தில் கடை விரித்த மலிவு வியாபாரமும் சேர்ந்து செய்த வேலை அது.

(படம் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். முடிவைச் சொல்லாமல் இந்த வாதத்தை வைக்க வழியில்லை. மன்னிக்க.)

முதலில் படத்தைப் பற்றி நாலு வரி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த 'தி லேட்டன்ட் இமேஜ்' என்ற சின்ன கம்பெனி. அங்கிருந்தவர்களும் நண்பர்களுமாகப் பத்துப் பேர் தலைக்கு 600 டாலர் போட்டு 6,000 டாலரில் ஆரம்பித்தார்கள். கடைசியில் செலவு சுமார் 1,14,000 டாலர். 1967-ல் ஷூட்டிங். ரொமேரோவுக்கு அப்போது 27 வயது. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் அவரே. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. இன்று உலகம் முழுக்க ஓடும் ஜாம்பி படங்களுக்கெல்லாம் இதுதான் தாத்தா. (படத்தில் 'ஜாம்பி' என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட வராது என்பது தனி வேடிக்கை.)

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்கப்பட்டது 35 மி.மீ. கறுப்பு வெள்ளை ஃபிலிமில். அன்றைக்குப் பெரிய ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய அதே அளவு. கையில் காசில்லாதவர்கள் 16 மி.மீ.-ல் எடுத்துத் தள்ளிய காலத்தில் இந்தப் பத்துப் பேர் 35-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். தினமும் பீர் விளம்பரத்துக்கும் சோப்புத்தூள் விளம்பரத்துக்கும் விளக்கு வைத்துப் பழகிய கைகள். எந்தப் பக்கம் வெளிச்சம் விழ வேண்டும், எந்த நிழல் எவ்வளவு நீள வேண்டும் என்று தெரிந்தவர்கள். இவர்கள் ஏதோ கேமராவைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, அந்தத் தெரியாமையே கலையாகிவிட்டது என்று சொல்வது பாராட்டு மாதிரி தெரியும். உண்மையில் அது அவமரியாதை.

அப்புறம் எப்படி இந்தப் படம் குப்பை மாதிரி ஆனது? கதை அங்கேதான் காமர்ஸ் பாடத்துக்குள் வருகிறது.

படத்தின் முதல் பெயர் 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. அந்தத் தலைப்பு அட்டையில் காப்பிரைட் அறிவிப்பு ஒழுங்காக இருந்தது. விநியோகஸ்தரான வால்டர் ரீட் நிறுவனம் தலைப்பை மாற்றியது. புதுத் தலைப்பு அட்டை அடித்தார்கள். அதில் காப்பிரைட் வரியைப் போட மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்! அன்றைக்கு அமெரிக்காவில் நடப்பில் இருந்தது 1909-ஆம் வருடச் சட்டம். வெளியிடும் பிரதியில் அந்த அறிவிப்பு இல்லையென்றால் படைப்பு யாருக்கும் சொந்தமில்லை, பொதுச்சொத்து. 1968 அக்டோபர் 1-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கின் ஃபுல்டன் தியேட்டரில் படம் திரையிடப்பட்டபோதே இந்த ஓட்டையோடுதான் வெளியே வந்தது. (அறிவிப்பு கட்டாயம் என்ற விதியை 1989-ல் எடுத்துவிட்டார்கள். இருபத்தோரு வருடம் லேட்.)

பிறகென்ன, ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! டி.வி. நிலையங்கள் ஒரு பைசா கொடுக்காமல் ஓட்டின. வீடியோ கேசட் வந்ததும் யார் வேண்டுமானாலும் ஒரு பிரிண்டைத் தேடிப்பிடித்து, கேசட்டில் ஏற்றி, அட்டையில் ஒரு மண்டையோட்டைப் போட்டு விற்கலாம் என்றானது. டிவிடி வந்ததும் அதே கதை, இன்னும் மலிவாக. இந்தக் கடைக்காரர்கள் செய்தது சட்டப்படி குற்றமில்லை. அதனால் இந்தப் படம் எல்லா வீட்டுக்குள்ளும் போனது, புகழ் பரவியது என்பதும் உண்மை. அதை மறுப்பது நேர்மையில்லை. ஆனால் எந்த நிலையில் போனது?

பொதுச்சொத்து என்றால் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கிடைத்தது நகல் எடுக்கும் உரிமை மட்டும்தான். நெகட்டிவ் என்பது ஒரு பொருள். அது படம் எடுத்தவர்களிடமே இருந்தது. மலிவுக் கம்பெனிக்கு அந்த நெகட்டிவைத் தேடிப்போய், கெஞ்சி, காசு கொடுத்து ஸ்கேன் செய்ய என்ன தலையெழுத்து? எந்த ஊர் தியேட்டரிலோ ஓடி ஓடித் தேய்ந்த ஒரு பிரிண்ட் போதும். அல்லது டி.வி.க்காக 16 மி.மீ.-க்குச் சுருக்கிய பிரிண்ட். அதுவும் இல்லையா, இன்னொரு கம்பெனியின் கேசட்டையே காப்பி அடித்தால் முடிந்தது.

தேர்வுக்கு முதல் நாள் கைக்கு வரும் நோட்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். க்ளாஸ் டாப்பர் எழுதியது. அதன் ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஏழாவது கைக்கு வரும்போது பென்சிலில் போட்ட வரைபடம் காணாமல் போயிருக்கும். பைண்டிங் ஓரத்து நிழல் கறுப்புப் பட்டையாகி இரண்டு வார்த்தைகளை விழுங்கியிருக்கும். ஓரத்து எண்கள் வெட்டுப்பட்டிருக்கும். ஃபிலிமும் அப்படித்தான். கேமராவில் ஓடிய நெகட்டிவிலிருந்து ஒரு மாஸ்டர் பாசிடிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட். ஒவ்வொரு படியிலும் கான்ட்ராஸ்ட் கூடும், நுணுக்கம் குறையும். நடுவில் உள்ள சாம்பல் நிறங்கள் ஒவ்வொன்றாகச் சாகும். வெள்ளை வெடிக்கும், கறுப்பு அடைத்துக்கொள்ளும். கடைசியில் கேசட்டில் ஏறும்போது மிஞ்சுவது இரண்டே நிறம்: சுண்ணாம்பு, கரி.

'டாக்குமென்டரி ஃபீலிங்' என்று ரசிகர்கள் உருகுவது இதற்குத்தான். ஏழாவது ஜெராக்ஸைப் பார்த்து "என்னவொரு கையெழுத்து!" என்று கண்ணீர் விடுவது போல.

சரி, கொஞ்சம் மங்கினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இந்தப் படத்தில் முழுகிவிடும். எப்படி என்று பார்க்கலாம்.

படத்தின் நாயகன் பென். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். கறுப்பினத்தவர். 1968-ல் ஒரு அமெரிக்கத் திகில் படத்தில் கறுப்பின நாயகன், அதுவும் வெள்ளைக்காரர்கள் நிறைந்த வீட்டில் கட்டளையிடுகிறவனாக, என்பது சாதாரண விஷயமில்லை. கதாபாத்திரம் கறுப்பினத்தவராக எழுதப்படவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாகச் செய்தார், எடுத்தோம் என்பதுதான் ரொமேரோ திரும்பத் திரும்பச் சொன்ன பதில். படத்தில் யாரும் பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வசனத்தில் இல்லாத அத்தனையும் ஜோன்ஸின் முகத்தில்தான் நடக்கிறது. அடித்தளத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று அடம்பிடிக்கும் வெள்ளைக்கார ஹாரி கூப்பரை அவர் பார்க்கும் பார்வை. கோபத்தை விழுங்குவது. விழுங்க முடியாமல் வெடிப்பது.

இப்போது அந்த ஜெராக்ஸ் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் ஏறும்போது முதலில் சாவது எது? இருண்ட பகுதிகளின் நுணுக்கம். வெளிர் தோல் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். ஜூடித் ஓ'டீயின் வெளுத்த முகம் சுண்ணாம்பாக வெளுத்தாலும் கண்ணும் வாயும் தெரியும். ஜோன்ஸின் முகம் கரிக்குள் போய்விடும். படத்தில் அவர் போட்டிருப்பது வெளிர்நிற ஸ்வெட்டர். மோசமான பிரதிகளில் அந்த ஸ்வெட்டர் ட்யூப்லைட் மாதிரி எரிகிறது. அதற்கு மேலே இருட்டாக ஒரு உருவம் அசைகிறது. ஆக, 'மங்கலே அழகு' என்று ஜல்லியடிப்பவர்கள் விட்டுக்கொடுக்கச் சொல்வது படத்தின் நாயகனுடைய முகத்தை. பேய்கள் பத்திரம், சவக்குழி பத்திரம், முகம் மட்டும் போனால் பரவாயில்லையாம்!

பென் வீட்டுக்குள் வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு காட்சி. ஜன்னல்களில் அடிக்க மேஜையை உடைத்துப் பலகை எடுத்துக்கொண்டே, பீக்மன்ஸ் டைனர் அருகே தான் பார்த்ததைச் சொல்கிறான். எரியும் பெட்ரோல் லாரி, அதைச் சூழ்ந்து வந்த பிணங்கள், தான் லாரியை அந்தக் கூட்டத்தின் மேலேயே ஓட்டியது. காட்டுவதற்குக் காசில்லாததால் வாயால் சொல்லவைத்த காட்சி. எதிரில் இருக்கும் பார்பராவோ அதிர்ச்சியில் உறைந்து போயிருக்கிறாள்; அவன் கிட்டத்தட்டத் தனக்குத் தானே பேசிக்கொள்கிறான். முழுக்க முழுக்க அந்த ஒரு மனிதனின் கண்களை நம்பி நிற்கிறது. தேய்ந்த கேசட்டில் அது வானொலி நாடகம். நெகட்டிவிலிருந்து வந்த பிரதியில், தைரியமாகச் சுத்தியல் பிடித்திருக்கும் அந்த ஆள் உள்ளுக்குள் எப்படி நடுங்கிக்கொண்டிருக்கிறான் என்பது தெரிகிறது.

அடுத்தது முடிவு. விடிகிறது. இரவு முழுக்கத் தாக்குப்பிடித்த ஒரே ஆள் பென். பிணங்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே துப்பாக்கிகளோடு வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று வயலில் வருகிறது. ஜன்னலருகே வந்து எட்டிப் பார்க்கும் பென்னையும் பிணம் என்று நினைத்துச் சுடுகிறார்கள். அதோடு அசையும் படம் நிற்கிறது. பெயர்ப் பட்டியல் ஓடும்போது வருபவை நின்ற புகைப்படங்கள். இறைச்சிக்கடைக் கொக்கிகள், அவற்றை ஏந்திய ஆட்கள், இழுத்துச் செல்லப்படும் பென்னின் உடல். இந்தப் படங்கள் மட்டும் வேண்டுமென்றே கொரகொரப்பாக, மலிவான நியூஸ்பேப்பரில் அச்சான புகைப்படம் மாதிரி செய்யப்பட்டிருக்கின்றன.

ஏன்? அமெரிக்காவில் கறுப்பினத்தவர்களைக் கூட்டமாகச் சேர்ந்து கொன்று, பிணத்தின் அருகே சிரித்தபடி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் புகைப்படங்களைத் தபால் அட்டைகளாகவே விற்றார்கள். முடித்த படத்தைக் காரில் எடுத்துக்கொண்டு ரொமேரோவும் தயாரிப்பாளர் ரஸ்ஸல் ஸ்ட்ரெய்னரும் நியூயார்க் போய்க்கொண்டிருந்த இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி ரேடியோவில் வந்தது. 1968 ஏப்ரல் 4. பென்னின் நிறத்தை யோசித்து எழுதாமல் இருக்கலாம். அந்த வருடம் அந்தப் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அவை வேறு எதையும் ஞாபகப்படுத்தியிருக்காது.

இந்த அடி விழ வேண்டுமானால், அதுவரை ஓடிய 90 சொச்சம் நிமிடங்களும் தெளிவாக இருந்திருக்க வேண்டும். வழவழப்பான, நிழலும் ஒளியும் பிரிந்து தெரிகிற சினிமா சட்டென்று கரடுமுரடான நியூஸ்பேப்பராக மாறுகிறது. கதைக்குள் இருந்த ஒரு மனிதன் கண்ணெதிரே வெறும் செய்தியாகிறான். மோசமான பிரதியில்? மொத்தப் படமும் ஏற்கெனவே கொரகொரப்பு! மாற்றம் என்று ஒன்று நடந்ததே கண்ணில் உறைக்காது. டாக்குமென்டரி ஃபீலிங்கை விரும்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. ரொமேரோ அந்த ஃபீலிங்கைக் கடைசிச் சில நிமிடங்களுக்கு என்று எடுத்து வைத்திருந்தார். மலிவு கேசட் அதை முதல் நிமிடத்திலிருந்தே வாரி இறைத்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் டி.வி. பெட்டியில் ஓடும் செய்திகளும் அப்படித்தான். செய்தியின் படம் ஒரு மாதிரி, வீட்டின் படம் வேறு மாதிரி. கெட்ட பிரதியில் இரண்டும் ஒரே குழம்பு.

இப்போது வியாபாரம் செய்த இன்னொரு அழகைப் பார்க்கலாம். 1986-ல் ஹால் ரோச் ஸ்டூடியோஸ் இந்தப் படத்துக்குக் கலர் அடித்தது. பிணங்களுக்குப் பச்சை! கொத்தமல்லிச் சட்னி மாதிரி பச்சை. பிறகும் சிலர் விடவில்லை. 2004-ல் லெஜண்ட் ஃபிலிம்ஸ் கம்ப்யூட்டர் வைத்து வேறு கலர் அடித்தது. 1999-ல் 'முப்பதாவது ஆண்டு' பதிப்பு என்று ஒன்று வந்தது. ரொமேரோவோடு சேர்ந்து மூலக் கதையை எழுதிய ஜான் ரஸ்ஸோவின் கைவரிசை. புதிதாகக் காட்சிகளை எடுத்து நடுவில் ஒட்டி, பழையதில் கொஞ்சத்தை வெட்டி, இசையையும் மாற்றினார்கள். ரொமேரோவுக்கு அதில் சம்பந்தமில்லை. முப்பது வருட இடைவெளியில் எடுத்த காட்சி பழைய காட்சிக்குப் பக்கத்தில், பட்டுப்புடவையில் போட்ட நைலான் ஒட்டு மாதிரி பல்லிளிக்கிறது.

இதையெல்லாம் ரசனைக் கோளாறு என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரியும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால்தான் மீதி புரியும். நெகட்டிவைத் தேடி எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்து வெளியிட்டால் என்ன கிடைக்கும்? பழைய படம், பழைய நிலைமை, பொதுச்சொத்து. புதிதாக எதையும் படைக்காத வெறும் சுத்தப்படுத்தலுக்குத் தனி காப்பிரைட் கோருவது அமெரிக்காவில் சிரமம். செலவு உங்களுடையது, லாபம் காப்பி அடிப்பவனுடையது. அதுவே கலர் அடித்தால்? கலர் அடித்த பதிப்பைத் தனிப் படைப்பாகப் பதிவு செய்யலாம் என்று அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் 1987-ல் முடிவு சொல்லிவிட்டது. புதுக் காட்சி ஒட்டினாலும் அந்தக் காட்சிகளுக்குச் சொந்தம் கொண்டாடலாம். ஆக, படத்தைக் காப்பாற்றினால் நஷ்டம், கெடுத்தால் சொத்து. பிணங்களின் முகத்தில் இருப்பது பச்சைப் பெயிண்ட் இல்லை மக்களே, பட்டா :-)

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய 'லெமன்' கட்டுரையைப் பாடத்தில் படித்தவர்களுக்கு மீதிக் கதையை ஊகிப்பது கஷ்டமில்லை. (அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டை உடைசல் காருக்கு லெமன் என்று பெயர். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு.) வாங்குகிறவனுக்குத் தரம் முன்கூட்டியே தெரியாத சந்தையில் நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, நல்ல சரக்கு ஒதுங்கிக்கொள்ளும், ஓட்டை வண்டிகள் மட்டும் மிஞ்சும். டிவிடி அட்டையைப் பார்த்து உள்ளே நெகட்டிவா ஏழாவது ஜெராக்ஸா என்று எவனால் சொல்ல முடியும்? எல்லா அட்டையிலும் அதே தலைப்பு, அதே மண்டையோடு, போதாக்குறைக்கு 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று ஒரு நட்சத்திரம். அலமாரியில் மலிவானதைத்தான் கை எடுக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் ஒழுங்காகச் செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். எலைட் எண்டர்டெயின்மென்ட் 1994-ல் மூல நெகட்டிவிலிருந்து லேசர்டிஸ்க் கொண்டுவந்தது. அதுவரை பார்த்தவர்களுக்கு அது வேறு படம். பிறகு அதையே டிவிடியாகவும், 2002-ல் 'மில்லேனியம்' பதிப்பாகவும் போட்டார்கள். டிவிடியின் எல்லை 720-க்கு 480 புள்ளிகள், அதாவது சுமார் மூன்றரை லட்சம். ப்ளூ-ரேயில் இருபது லட்சத்துக்கு மேல். அந்த எல்லைக்குள் எலைட் செய்ததைக் குறை சொல்ல முடியாது. மங்கல் கோஷ்டிக்கு அது வந்த 1994-லேயே பதில் கிடைத்துவிட்டது. இவர்கள்தான் கண்ணைத் திறக்கவில்லை.

முழுப் பதில் வர 2016 ஆனது. படம் வந்து 48 வருடம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் 'தி ஃபிலிம் ஃபவுண்டேஷன்' அமைப்பும் சேர்ந்து 4கே-யில் மீட்டெடுத்தன. ஜார்ஜ் லூகாஸ் குடும்ப அறக்கட்டளையின் பணமும், செலஸ்ட் பார்ட்டோஸ் நிதியும் உதவின. ரொமேரோ, ரஸ்ஸோ, ரஸ்ஸல் ஸ்ட்ரெய்னர், ஒலிப்பதிவு செய்த கேரி ஸ்ட்ரெய்னர் எல்லாரும் கூட இருந்து சரிபார்த்தார்கள். அந்த வருட நவம்பரில் அருங்காட்சியகத்திலேயே திரையிட்டார்கள். கவனியுங்கள், இந்த வேலையைத் தூக்கிச் சுமந்தது மார்க்கெட் இல்லை, நன்கொடை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1999-லேயே இடம்பிடித்துவிட்ட ஒரு படத்துக்கு, இத்தனை கம்பெனிகள் இத்தனை வருடம் சம்பாதித்த ஒரு படத்துக்கு, கடைசியில் முகம் கழுவிவிட தர்மகாசு வேண்டியிருந்தது.

2017 ஜூலை 16-ல் ரொமேரோ இறந்தார். 2018 பிப்ரவரியில் க்ரைடீரியன் ப்ளூ-ரே வந்தது. 2022-ல் 4கே டிஸ்க்கும் வந்தது. (ப்ளூ-ரேக்கும் 4கே-க்கும் உள்ள வித்தியாசம் சாதாரண டி.வி.யில் பெரிதாகத் தெரியாது. கேசட்டுக்கும் ப்ளூ-ரேக்கும் உள்ளது மலைக்கும் மடுவுக்கும்.) மயானத்துக்கு வரும் காரின் பெயிண்டில் மரங்கள் பிரதிபலிப்பதும், பலகைகளில் ஆணி இறங்கிய இடத்தில் மரம் பிளப்பதும், பிணங்களின் கண்ணைச் சுற்றிப் பூசிய மேக்கப்பின் ஓரமும் தெரிகின்றன. மேக்கப் தெரிந்தால் பயம் போய்விடாதா? போகவில்லை. மேக்கப் பூசிய பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருப்பதுதான் இந்தப் பிணங்களின் பயங்கரமே. நைட்டியோடு ஒருத்தி, கோட்டு சூட்டோடு ஒருத்தன். மங்கலில் அவர்கள் வெறும் பூச்சாண்டிகள். தெளிவில் அவர்கள் யாரோ ஒருவருடைய மாமா, அத்தை.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கும்பல் உண்டு, அவர்களையும் ஒரு குட்டு குட்ட வேண்டும். சுத்தமான பிரதியிலும் பொடிப்பொடியாக ஏதோ ஆடுகிறதே, அதையும் துடைத்திருக்கலாமே என்கிறவர்கள். அது அழுக்கு இல்லை அய்யா. அது கிரெய்ன், ஃபிலிமில் உள்ள வெள்ளித் துகள். படமே அதனால் ஆனது. கோலத்தில் மாவு புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று துடைத்தால் கோலம் எங்கே இருக்கும்? 2010-ல் 'பிரிடேட்டர்' படத்தை அப்படித் துடைத்து ஒரு ப்ளூ-ரே வந்தது. அர்னால்டு மெழுகுப் பொம்மை ஆனதுதான் மிச்சம். கோடும் கறையும் பிரிண்ட் தேய்ந்ததால் வந்தவை, துடைக்கலாம். கிரெய்ன் கேமராவுக்குள்ளேயே பிறந்தது, தொடக்கூடாது. மங்கல் கோஷ்டி முதலாவதைக் காதலிக்கிறது, மெழுகு கோஷ்டி இரண்டாவதை வெறுக்கிறது. இரண்டு பேருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு முழிப்பது படம்.

க்ரைடீரியன் டிஸ்க் விலை அதிகம், மாணவர்களால் வாங்க முடியாது என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம். இலவசமாகக் கிடைப்பதைப் பார்ப்பதில் எந்தத் தப்பும் இல்லை. சட்டமே இடம் கொடுக்கிறது, இணைய ஆவணக் காப்பகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். வசதியில்லாமல் இலுப்பைப்பூ சாப்பிடுகிறவனோடு சண்டையே கிடையாது. சண்டை, அதற்குச் சர்க்கரை என்று லேபிள் ஒட்டி, 1968-ல் படம் இப்படித்தான் இருந்தது என்று புதுசாகப் பார்க்க வருகிறவர்களை நம்பவைக்கிறார்களே, அவர்களோடுதான்.

நம்பாதவர்கள் அரைமணி நேரம் ஒதுக்கலாம். பழைய இலவசப் பிரதி ஒன்றையும் மீட்டெடுத்த பிரதியையும் அடுத்தடுத்து ஓடவிட வேண்டும். சத்தத்தை அணைத்துவிடலாம், வசனம் தேவையில்லை. பீக்மன்ஸ் டைனர் கதையை பென் சொல்லும் இடம் வரும்போது நிறுத்தி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் ஒரு மனிதன் எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டு கலங்கி நிற்பான். இன்னொன்றில் ஒரு ஸ்வெட்டர் இருக்கும்.